வளைந்து கொடுத்த முள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பண்டாரவளை பஸ்ஸில். பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் ஒரு கள்ளிச்செடி. வளைவில் பஸ் சாய்ந்ததும் அதன் முள் என் கையில் சுருக்கென்று குத்தி

[பொய். குத்தவில்லை. மயிர் மாதிரி வளைந்து கொடுத்தது. குத்தியிருந்தால் ஒரு முறை முறைத்துவிட்டு மறந்திருப்பேன்.]

2

அவளுக்குச் செசிலி என்று பெயர் வைக்கிறேன். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டம். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலை. செடி, கணவன் ஜோன்சனுடையது. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் பத்திரமா பாத்துக்க" என்று பிள்ளையை ஒப்படைப்பதுபோல் கொடுத்துவிட்டுப் போனான்.

செசிலி பத்திரமாகத்தான் பார்த்தாள். தவறணையில் கைவந்த வேலையாயிற்றே! தோட்டத்து வரிசைவீடான லயத்து அறையில் வெயில் படாத மூலையாகப் பார்த்து வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, யூரியாவும் ஒரு சிட்டிகை போட்டாள். கள்ளி கிடுகிடுவென்று உயர்ந்தது. ஜோன்சன் விட்டுப்போன குண்டு அடிப்பாகத்துக்கு மேல் வெளிறிப்போன மெல்லிய இடுப்பு; அதில் பேருக்கு முள்.

(கள்ளியையும் செசிலியையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். தனிமை, இருட்டு என்றெல்லாம் வந்தது. அடித்துவிட்டேன். அவள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.)

3

பண்டாரவளையில் செடிக்கடை வைத்திருக்கும் காமிலா, முள் ஏன் தடிக்கவில்லை என்று கேட்கச் செசிலி கொண்டுபோன செடியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள்.

"அக்கா, இது என்ன தேயிலக் கன்னா? ஜன்னல்ல வைங்க, கொஞ்சங் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்குங்க. மண்ணு நல்லாக் காஞ்சாத்தான் தண்ணி. உரத்த நிப்பாட்டுங்க."

"அப்ப இந்த முள்ளு தடிக்குமா?"

"இது இனி இப்படித்தான். புதுசா வாறது நல்லா வரும்."

காமிலா சொன்னபடியே செசிலி செய்தாள். சில மாதங்களில் உச்சி பருத்து, மஞ்சளாய்க் கெட்டியான முட்கள் கிளம்பின. இடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. வீடியோவில் ஜோன்சன் செடியைக் காட்டச் சொன்னபோதெல்லாம் "சிக்னல் இல்லீங்க" என்று சமாளித்தாள். நாளைக்கு அவன் வருகிறான். அவளுக்குப் பயம், பயத்தைவிட வெட்கம். தவறணைக்காரி கையில் ஒரு செடி கெட்டது என்று ஆகிவிடுமே.

4

முடிவு ஒன்று: காமிலாவிடம் அதே மாதிரிச் செடி வாங்கிப் பழைய சட்டியில் நட்டுவிடுகிறாள். ஜோன்சன் பூரித்துப்போகிறான்.

நன்றாகத்தான் இருந்தது. செசிலியைக் கடைக்கும் அனுப்பினேன். வாசல்வரை போனவள் வெறுங்கையோடு திரும்பிவிட்டாள். பழைய செடியை எங்கே போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

முடிவு இரண்டு: ஜோன்சன் பையை இறக்கிவைத்து, முகம்கூடக் கழுவாமல் ஜன்னலுக்குப் போகிறான்.

"என்னா இது, நடுவுல?"

"தேயில மாதிரி வளத்துட்டேங்க."

அவன் சிரித்

[சிரித்தானா, எனக்குத் தெரியாது. மேலே நான் பாதியில் விட்ட வரிகளும் இனித் தடிக்கப்போவதில்லை, கிடக்கட்டும்.]

ஜோன்சன் செடியைத் தொடக் கை நீட்டுகிறான். நடுவில் தொட்டால் முள் வளையும்; உச்சியில் தொட்டால் ரத்தம் வரும். செசிலி சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் விரலை நடுவிலா உச்சியிலா, எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். செடியை மாற்றிவிடச் சொல்லி அவளை அந்தக் கடைக்கு அனுப்பியவன் நான். இனி என் பேச்சைக் கேட்கமாட்டாள்.