நடுக் கம்ப்யூட்டர்

பெரியண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன். அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை அவருக்கு முன்னாலேயே வந்துவிடும். நான் தரையில் மண்டி போட்டு, அவருடைய பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் செருகிய நெட்வொர்க் கார்டின் நடுவில் ஒரு கறுப்புச் சிப் இருக்கும். அதன் மேல் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் படித்தால்தான் எந்த டிரைவர் போடுவதென்று தெரியும். பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் நான் நம்புவதில்லை. கூட வரும் சிடியையும் நம்புவதில்லை. வாடிக்கையாளர் "நாங்க எதையுமே தொடலை" என்று சொன்னால் அதைச் சுத்தமாக நம்புவதில்லை. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

"என்ன பாப்பா தேடறே?"

எனக்கு நாற்பது வயதாகிறது. இரண்டு அண்ணன்களுக்கும் நான் இன்னும் பாப்பாதான்.

டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னேன். "கார்டோட நம்பர். டிரைவர் போடணும்ல. கார்டு பேசறது கம்ப்யூட்டருக்குப் புரியணும்னா அந்த சாஃப்ட்வேர் வேணும்."

"கார்டு பேசறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சரி. கம்ப்யூட்டர்ல இருக்கறதை வேற யாருக்கும் போய்ச் சொல்லாதுல்ல?"

வேற யாருக்கும் என்று சொல்லும்போது அவர் கண் கதவுப் பக்கம் போயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம், முன்னறையில், சின்னண்ணன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா விட்டுவிட்டுப் போன அச்சகம் அது. சின்னண்ணன் முன்னால் ஆர்டர் எடுப்பார், வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவார், லேபிளை வடிவமைத்துக் கொடுப்பார். பெரியண்ணன் உள்ளே அச்சுக்கான பிளேட் எடுத்து அச்சடிப்பார். பிளேட் எடுக்கும் மெஷின் பழைய கம்ப்யூட்டரோடு மட்டுமே ஒத்துப்போகும் என்பதால் அவரால் புதியது வாங்க முடியாது. அவர் வாங்காதபோது நான் மட்டும் எதற்கு வாங்கணும் என்று சின்னண்ணனும் பழையதையே கட்டிக்கொண்டு அழுதார். முன்னறையிலிருந்து உள்ளறைக்குக் கோப்புகள் பென் டிரைவில்தான் போகும். அப்படிப் போன ஒரு மருந்து லேபிள்தான் வினையாயிற்று. வாடிக்கையாளர் திருத்திக் கொடுத்த புதிய கோப்புக்குப் பதில் பழையது அச்சாகிவிட்டது. அடித்த லேபிள் எல்லாம் வீண். நீ கொடுத்தது பழசு என்றார் ஒருவர், நீங்கள் எடுத்ததுதான் பழசு என்றார் இன்னொருவர். வீணான லேபிள் சுருள்கள் இன்னும் மூலையில் குவிந்து கிடந்தன. யார் அதைத் தூக்கிப் போட்டாலும் தவறு அவருடையது என்று ஆகிவிடுமோ என்று இரண்டு பேருமே தொடவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வது நின்றது. பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு மட்டும் என் காதுக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கவுண்டர் இல்லாத மெஷினுக்கு வேலை வராது, மெஷின் இல்லாத கவுண்டருக்கு வாடிக்கையாளர் வரமாட்டார். பிரித்தால் இரண்டுமே படுத்துவிடும். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் வீம்பு பிடித்தார்கள்.

அதனால்தான் நானாகப் போய் வலையில் விழுந்தேன். இரண்டு கம்ப்யூட்டரையும் கேபிள் போட்டு இணைத்துவிடலாம், கோப்புகள் ஒரே இடத்தில் இருக்கட்டும், எது பழசு எது புதுசு என்ற பேச்சே வராது என்று சொன்னேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஒரே நிபந்தனையோடு: ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள் மற்றவர் எட்டிப் பார்க்கக்கூடாது. சரியென்று அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, இரண்டு அறைகளுக்கும் இடையில் இருந்த நடைபாதையில் ஸ்டூல் போட்டு வைத்தேன். எல்லாக் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி ஸ்டூலுக்கு அடியில். சின்னண்ணன் நடுக் கம்ப்யூட்டரில் வைப்பார், பெரியண்ணன் அங்கிருந்து எடுப்பார். நேருக்கு நேர் இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. முதலாளிகளைப் போலவே.

சிப்பின் எண்ணைப் பார்த்துவிட்டு, சரியான டிரைவரைத் தேடி எடுத்து வந்து போட்டேன். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. இந்த மென்பொருள் சோதிக்கப்படவில்லை, நிறுவினால் கணினி நிலைகுலையலாம், தொடரவா நிறுத்தவா என்று. பழைய கம்ப்யூட்டர்கள் எல்லா டிரைவருக்கும் இப்படித்தான் மிரட்டும். நான் தொடர் என்பதை அழுத்தப் போனேன்.

"இரு இரு," என்றார் பெரியண்ணன். "கம்ப்யூட்டரே வேணாங்குது. நீ ஏன் சரிங்கறே?"

"அது அப்படித்தான்ணா சொல்லும்."

"சும்மா சொல்லுமா?"

அழுத்தினேன். திரையில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் ஆச்சரியக்குறி மறைந்தது, கார்டின் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. நடுக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டினேன். பெரியண்ணன் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சந்தேகப்படறேன்னு நினைக்காதே பாப்பா. அவன் அங்க உக்காந்து என்ன பண்றான்னு இங்கேருந்தே பாக்கற மாதிரி ஏதாவது போட முடியுமா?"

"முடியாதுண்ணா."

"முடியாதா, போட மாட்டியா?"

"போட மாட்டேன்."

"ஓ," என்றார். அந்த ஓவில் நிறைய இருந்தது.

அடுத்து முன்னறைக்குப் போனேன். பெரியண்ணன் உடனே தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். தான் அறையில் இல்லாதபோது அது ஓடிக்கொண்டிருக்கக் கூடாதாம். அதே பெட்டியிலிருந்து இரண்டாவது கார்டை எடுத்துச் செருகினேன், அதே டிரைவர், அதே எச்சரிக்கை. நடுக் கம்ப்யூட்டரிலிருந்து கோப்பு வந்தது. சின்னண்ணன் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, நான் சந்தேகப்படறவன் இல்லன்னு உனக்கே தெரியும். ஆனா அவரு வெளி வேலை ஏதோ தனியா எடுத்து அடிக்கறாரோன்னு தோணுது. அந்த மெஷின்ல என்ன இருக்குன்னு..."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக்கூடாது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவரும் இதையேதான் கேட்டாரு" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். சொல்லியிருந்தால் அன்றே அடிதடி.

நான்கைந்து நாள் கழித்து பெரியண்ணனிடமிருந்து போன் வந்தது. "என் லைன் கட்டாகுது. அவன் வேலை பண்ணும்போது மட்டும் கட்டாகுது." வைத்த கையோடு சின்னண்ணன் கூப்பிட்டார். "அவரு மெஷினைப் போட்டாருன்னா என்னுது நின்னுடுது. நீ எனக்கும் தங்கச்சிதானே பாப்பா?"

போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் சொன்னது நிஜம். பெரியண்ணன் கோப்பு எடுக்க ஆரம்பித்தால் முன்னறைத் திரையில் மணல்கடிகாரம் சுற்றியது. சின்னண்ணன் ஒன்றைச் சேமித்தால் உள்ளறையில் தொடர்பு போனது. கார்டைக் கழற்றி மாட்டினேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். கேபிளை மாற்றினேன். தனித்தனியாக ஓடவிட்டால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. சேர்ந்து ஓடினால் வம்பு.

எனக்கும் புத்தி அந்தப் பக்கம்தான் போயிற்று. இரண்டு பேரில் ஒருத்தர் மற்றவரின் கேபிளை ஸ்விட்சிலிருந்து லேசாகப் பிடுங்கி விளையாடுகிறாரோ? நடைபாதையில் யார் வேண்டுமானாலும் குனியலாம். மூலையில் கிடந்த வீண் லேபிள்களில் இரண்டைக் கிழித்து, ஸ்விட்சில் கேபிள் நுழையும் இடத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். யார் பிடுங்கினாலும் லேபிள் கிழிந்துவிடும். போகிற போக்கில் கவுண்டருக்குப் பின்னாலும், பெரியண்ணன் மேஜைக்கு அடியிலும், கேபிள் கம்ப்யூட்டரில் நுழையும் இடத்தில் இன்னும் இரண்டை ஒட்டினேன்.

மறுநாள் போனபோது ஒரு லேபிளும் கிழியவில்லை. ஆனால் இரண்டு பேரும் தத்தம் லேபிளைப் பார்த்திருந்தார்கள்.

"என் மேஜைக்கு சீல் வைக்கறியா?" என்றார் பெரியண்ணன். "அதுவும் அந்த லேபிளை எடுத்து?"

"அவர் வீட்டு வேலைக்காரனா நான்? என்னைக் கேக்காம ஒட்டிட்டுப் போறே," என்றார் சின்னண்ணன்.

இரண்டு பக்கமும் ஒட்டினேன் என்று சொன்னேன். யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. எனக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது. சின்ன வயதில் இரண்டு பேருக்கும் நடுவில் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனவள் நான். ஒருத்தர் முன்னால் பெடலை மிதிப்பார், ஒருத்தர் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருப்பார். இப்போது இருவர் பார்வையிலும் நான் எதிராளியின் ஆள். அன்றைக்குக் காரணம் தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த முறை நேராக நடுக் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டாயிற்று, நடுவில் இருப்பது என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்று தோன்றியது. அது யார் யாரோடு பேசுகிறது என்ற பட்டியலைக் கறுப்புத் திரையில் வரவழைத்தேன். இரண்டு வரி வந்தது. முதல் வரி உள்ளறை, இரண்டாவது முன்னறை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்தக் கார்டின் முகவரி இருக்கும். தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பும் பன்னிரண்டு எழுத்து, உலகத்தில் ஒரு கார்டுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்கக்கூடாது. இரண்டு வரியிலும் ஒரே பன்னிரண்டு எழுத்து.

நம்பவில்லை. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் பார்த்தேன். அதுதான். முன்னறைக்குப் போனேன். அதேதான். மலிவுக் கார்டு செய்த எவனோ ஒரே முகவரியை இரண்டிலும் பதித்து ஒரே பெட்டியில் போட்டு விற்றுவிட்டான். ஸ்விட்சுக்கு எது யாரென்று தெரியவில்லை. கடைசியாக யார் குரல் கொடுத்தாரோ அவர் பக்கம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் நாளே இரண்டையும் சேர்த்து ஓடவிட்டிருந்தால் தெரிந்திருக்கும். பெரியண்ணன் அணைத்துவிட்டுப் போனார். இரண்டையும் நேருக்கு நேர் பேசவைத்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். அது நிபந்தனைக்கு விரோதம்.

முன்னறைக் கம்ப்யூட்டரில் டிரைவரின் அமைப்புகளைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு காலிக் கட்டம் இருக்கும். அதில் நாமே ஒரு முகவரி எழுதிக் கொடுக்கலாம். அதே எண்ணை எழுதி, கடைசி எழுத்தை மட்டும் மாற்றினேன். பெரிய கோப்பு ஒன்றை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். இரண்டும் நிற்காமல் ஓடின.

"ரெண்டு பேரும் இங்க வாங்க!" என்று கத்தினேன்.

வந்தார்கள். கூடவே தோளில் அளவு டேப்போடு ஒரு கார்பென்டரும் வந்தார். வாசலில் பிளைவுட் பலகைகள் சாய்த்து வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இவரு யாரு?"

"தடுப்பு போடப் போறோம்," என்றார் சின்னண்ணன் தரையைப் பார்த்து. "முன்னாடி எனக்கு, உள்ளே அவருக்கு. அவருக்குப் பின்பக்கமா வாசல் வச்சுக்கறாரு."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர்கள் கலந்து பேசி எடுத்த முதல் முடிவு அதுதான். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ரெண்டு கார்டுக்கும் ஒரே முகவரி, யாரும் யாரையும் எதுவும் பண்ணலை, இப்ப மாத்திட்டேன், பாருங்க ஓடுது என்றேன்.

பெரியண்ணன் என் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "பன்னண்டு எழுத்தும் ஒண்ணா? யாரு காதுல பூ சுத்தறே?"

"நீங்களே ரெண்டு மெஷின்லயும் பாருங்கண்ணா."

"பாத்தா எனக்கு என்ன தெரியும்? நீ காட்டறதுதானே தெரியும்."

சின்னண்ணன்தான் மெதுவாகக் கேட்டார். கோபமே இல்லாத குரலில் கேட்டதுதான் என்னை அறைந்தது.

"இப்ப நீயே மாத்தினேன்னு சொல்றியே பாப்பா. அப்படின்னா அந்த நம்பரை மாத்த முடியும். முதல்லயே ரெண்டையும் ஒண்ணா ஆக்கி வச்சது நீ இல்லைன்னு நான் எப்படி நம்பறது?"

பெரியண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். தம்பி சொன்னது சரி என்று அவர் தலை லேசாக ஆடியது. பெட்டியை நம்பாதே, சிடியை நம்பாதே, ஆள் சொல்வதை நம்பாதே என்று தொழில் முழுக்கச் சொல்லித் திரிந்தவளிடம் அவர்கள் என்ன தப்பாகக் கேட்டுவிட்டார்கள்?

கார்பென்டருக்கு எங்கள் பஞ்சாயத்து தேவையில்லை. அவர் முதல் பலகையைத் தூக்கி வந்து நடைபாதைக்குக் குறுக்கே, அப்பாவின் கம்ப்யூட்டருக்கு ஒட்டினாற்போல நிறுத்திப் பார்த்தார். அடியில் ஏதோ இடித்தது. குனிந்தார்.

"சார், ஒரு வயர் குறுக்கே போகுது. ஓட்டை விடணுமா, இல்ல வயரை எடுத்துடறீங்களா?"

பெரியண்ணன் சின்னண்ணனைப் பார்த்தார். சின்னண்ணன் ஸ்டூலின் அடியில் இருந்த ஸ்விட்சைப் பார்த்தார். கிழியாத இரண்டு லேபிள்களுக்குப் பக்கத்தில் இரண்டு பச்சை விளக்குகளும் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தன. கார்பென்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, வயர் போகும் இடத்தில் பலகையின் மேல் லேசாக ஒரு வட்டம் போட்டார். பிறகு துளை போடும் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தபடி நின்றார்.