பிசுபிசுக்கும் தண்டு

இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் என் மனைவிக்கு இப்போது உலகம் என்பது ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. புல்வெளி நிறைய இளஞ்சிவப்புப் பூக்கள். அதை வெட்டத்தான் நகராட்சி வண்டி வந்து நின்றது.

"அதையும் வெட்டிட்டா, நாள் பூரா உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டுக் கிடக்கணும்," என்றாள். இதைவிடக் கொடிய மிரட்டல் உண்டா?

இந்த மண்ணின் பூ என்றால் விதை உதிரும்வரை தொடக்கூடாது. தோட்டத்திலிருந்து ஓடிவந்த வெளிநாட்டுப் பூ என்றால் வெட்டலாம். அதுதான் சட்டம். கீழே இறங்கிப் போய் வண்டிக்காரரிடம் அதைச் சொன்னேன்.

"மாடிவீட்டு டீச்சர் பாத்துச் சொல்லட்டும் பெரியவரே. எனக்கும் முதுகு விட்டுப்போச்சு," என்று வண்டிக்காரர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். டீச்சர் பாடம் எடுப்பதே தாவரவியல்தான்.

புல்வெளியில் ஒரு தண்டு பறித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் முழங்கால் போட்ட சத்தத்தில் மூன்று தெரு நாய்கள் எழுந்துவிட்டன. தண்டெல்லாம் எறும்பு, தூசி. காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்திகளைக் கழுவிய கை சும்மா இருக்குமா? சோப்புப் போட்டு, ஸ்பிரிட்டில் துடைத்து, தட்டில் வைத்தேன். அதை வைத்து இதயத்தையே அறுக்கலாம், அவ்வளவு சுத்தம்!

மேல்மாடியிலிருந்து எங்கள் வாசலுக்கு இறங்கி வந்த டீச்சர் தண்டைத் தடவினார். முகம் வாடியது. "வழவழன்னு இருக்கே சார். நம்ம பூவுக்குக் கணுவுக்குக் கீழ பசையாட்டம் பிசுபிசுக்கும். எறும்பே ஒட்டிக்கும். இது வெளிநாட்டுப் பூதான்."

கீழே வண்டி உறுமியது.

"ஏம்மா, கழுவினாரான்னு கேளு!" உள்ளேயிருந்து மனைவி கத்தினாள். "வாழைப்பழத்துக்கே சோப்புப் போடுற மனுஷன்!"

மறுபடியும் படியிறங்கினேன், டீச்சர் பின்னால் வர. "நிறுத்துப்பா!" என்று கையை ஆட்டியபடியே புல்வெளி நடுவில் போய்ச் சேர்ந்தபோது கால்கள் ராஜினாமா செய்துவிட்டன. பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. வண்டிக்காரர் இறங்கி வந்து, கிணற்றில் விழுந்த யானையைத் தூக்குவதுபோல் இழுத்தார்.

என் சட்டையோடு ஒரு தண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. கணுவுக்குக் கீழே ஓர் எறும்பு காலை உதறிக்கொண்டிருந்தது.

"அசையாதீங்க சார்! துடைச்சிடாதீங்க!" டீச்சர் குனிந்து பார்த்தார். "நம்ம பூதான்!"

"இத காலைலயே சொல்லியிருந்தா வீட்டுல தூங்கியிருப்பேன்," என்று கொட்டாவி விட்டுக்கொண்டே வண்டிக்காரர் போய்விட்டார்.

மறுபடி படியேறத் தெம்பில்லை. பூக்களுக்கு நடுவிலேயே மறுபடி உட்கார்ந்தேன்.

ஜன்னலில் ஒரு கை ஆடியது. பாராட்டத்தான் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க! பூவ மறைக்குது!"