மருமகள் எழுதிய ஃபங்ஷன்

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, மெயிலில் மல்லுக்கட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? கட்டினார்கள், முழுசாக ஒன்பது நாள்.

விஷயம் இதுதான். பல தேசத்து ஆட்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதுகிற ஒரு டேட்டாபேஸ், அதாவது தகவல்களைக் கட்டம் கட்டமாகச் சேமித்து வைக்கும் மென்பொருள். அதில் ஒரே கட்டத்துக்குள் ஒரு பட்டியலையே வைக்கலாம், அரே என்பார்கள். அந்தப் பட்டியலைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிப்போட மட்டும் அதில் ஒரு ஃபங்ஷன், அதாவது பெயரைச் சொன்னதும் வேலையை முடித்துத் தரும் கட்டளை, கிடையாது. அவரவர் நாலு வரி எழுதி ஒப்பேற்ற வேண்டும். மருமகளுக்கோ பள்ளி வேன்களுக்கு வழித்தடம் போடும் கம்பெனியில் வேலை. காலை வரிசையை மாலைக்குத் திருப்புவதே பிழைப்பு. கை சலித்துப்போய், டேட்டாபேஸுக்குள்ளேயே அதைச் சேர்த்துவிடத் துணிந்தாள்.

அங்கே அரே சம்பந்தமாக யார் எதை எழுதினாலும் துருவித் துருவிப் பார்த்துச் "சரி" சொல்கிறவர் யார் தெரியுமா? சாட்சாத் மாமியார். அந்த விவாதமெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பொது மெயிலில்தான் நடக்கும். அவர் சொன்னால்தான் அந்தக் கூட்டத்தின் தலைமை ஆள் சேர்ப்பார். சனிக்கிழமையோடு இந்த வருஷப் பதிப்புக்கு வாசல் மூடிவிடும். தவறினால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

"மெயில்ல அத்தைன்னு கூப்பிட்டு வெக்காதேம்மா. அங்க நீ யாரோ, நான் யாரோ," என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அடேயப்பா, என்ன ஒரு யாரோ! காலையில், "கண்ணு ஏன்மா சிவந்திருக்கு, தூங்கலையா?" பத்து மணிக்கு மெயிலில், "காலிப் பட்டியலைக் கொடுத்தேன், சர்வரே படுத்துவிட்டது. சோதித்துப் பார்த்தீர்களா, இல்லையா?" மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புருஷனிடம் போய் நின்றாள். "ஆளை விடு தாயே," என்று அவன் நழுவிவிட்டான்.

திருத்தினாள். விளக்கக் குறிப்பு எங்கே என்றார், எழுதினாள். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் என்றார். அதற்கும் வழி செய்தாள். வியாழக்கிழமை இன்னொன்று வந்தது: "நடுவில் வெற்று இடங்கள் எதற்கு? திருப்பும்போது அவற்றை நீக்கிவிடுங்கள்."

மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது. "முடியாது," என்று அடித்தாள். "நிறுத்தங்கள் ஒரு பட்டியல், குழந்தைகள் ஒரு பட்டியல். இன்று ஒரு நிறுத்தத்தில் குழந்தை வரவில்லையென்றால் அங்கே வெற்று இடம். அதை நீக்கினால் மற்ற பெயர்கள் ஒரு நிறுத்தம் தள்ளிப்போகும். ஆறு வயதுக் குழந்தை யார் வீட்டுத் தெருவிலோ இறங்கி நிற்கும்."

அனுப்பிய பிறகுதான் பக்கென்றது. உலகமே பார்க்க மாமியாரை எதிர்த்துப் பேசியாயிற்று.

வெள்ளிக்கிழமை முழுக்க மெயிலில் பதில் இல்லை. வீட்டிலும் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஃபங்ஷன் போனால் போகட்டும், அத்தையும் போய்விட்டாரே என்றுதான் இவளுக்கு ஆற்றாமை. பிரசவத்தில் இவள் கையை ஒரு நிமிஷம் விடாமல் பிடித்திருந்தவர் அவர். அவர்மேல் இவளுக்கு உயிர்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மெயில் வந்தது. "நான் சொன்னதுதான் தவறு. வெற்று இடம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நேற்று முழுக்க இந்த ஃபங்ஷனை எங்கேயாவது உடைக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் பக்கம் சரி. ஆனால் ஒன்று: எழுதியவள் என் மருமகள். அதனால் என் வார்த்தையை நம்பாமல் வேறு யாராவது ஒரு முறை பாருங்கள்."

கெட்டது குடி! கடைசி நாளில் எவன் பார்ப்பான்? மருமகள் அடுத்த அறைக்கு ஓடினாள்.

"ஏன் அத்தை சொன்னீங்க? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. நாளைக்கு எவனாவது உன்னை சிபாரிசுல வந்தவள்னு சொன்னா என்னால தாங்க முடியாதும்மா."

அதற்குள் தலைமை ஆளின் பதில் திரையில் வந்து விழுந்தது.

"ஒரு மாமியார் நாள் முழுக்கத் தேடியும் மருமகளிடம் குறை கிடைக்கவில்லையா? இதற்கு மேல் நாங்கள் பார்த்து என்ன கிழிக்கப்போகிறோம்? சேர்த்துவிட்டேன்."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே மருமகளை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"பேசினா மனசு இளகி, சரின்னு சொல்லிடுவேனோன்னுதான் வாயைக் கட்டிக்கிட்டிருந்தேன்," என்றார். "நேத்து ஒரு வாய் சோறு இறங்கலடி எனக்கு."