கப்பலேறிய மாங்காய்

ராஜபாளையத்தில் தங்கச்சாமியின் மாந்தோப்பைக் குறை சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று மரத்துக்கு மரம் நின்று பெருமை பேசுவார். மகளின் படிப்பைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் மனிதருக்குக் காது கேட்காது.

மகள் ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளியில் படித்து முடித்தவள். உபாத்தியாயினி ஆவதற்குப் பாளையங்கோட்டையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாவோ சேத்தூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"பழுத்தத மரத்துல விட்டுவைக்கக் கூடாதுட்டி," என்பார். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் என்ன, கூடையில் போடுகிற பழமா?

ஒருநாள் தோப்பில் பறிப்புக்காரர்கள் எல்லாம் இருக்கும்போதே வம்புக்கு இழுத்தார். "இங்கிலீசு இங்கிலீசுன்னு குதிக்கியே. நம்ம தோப்புல விளையுறதுக்கு அவிய பாசையில ஒரு பேராச்சும் உண்டா?"

"உண்டு ஐயா. அதுவும் நம்ம பேருதான். சீமையில முக்காவாசிப் பேரு நம்ம வார்த்தையத்தான் சொல்லுதாவ."

தங்கச்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "அத எம்முன்னால நிரூபிச்சிரு. பாளையங்கோட்டைக்கு நானே வண்டி கட்டுதேன்."

அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். அதிலிருந்து அவர் பின்வாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தோற்றால் சேத்தூர்தான் என்பதும் தெரியும்.

வைகாசியில் பறிப்பு மும்முரமாக நடக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியின் இங்கிலீஷ்கார மிஸ்ஸியம்மாவும், பிரெஞ்சுக்காரப் பாதிரியாரும் பழம் வாங்கத் தோப்புக்கு வருவது வழக்கம். சபை வேறு என்பதால் ஞாயிற்றுக்கிழமையில் ஒருவர் தேவாலயத்தின் பக்கம் இன்னொருவர் தலைவைத்துப் படுக்காதவர்கள், சப்பட்டைக்காக ஒரே மரத்தடியில் நிற்பார்கள். அந்த நாளுக்காகத்தான் ஜெயபாய் காத்திருந்தாள்.

ஒரு பழத்தை எடுத்து மிஸ்ஸியம்மாவிடம் நீட்டினாள். "இத உங்க ஊருல என்னன்னு சொல்லுவீய?"

"மேங்கோ," என்றார் மிஸ்ஸியம்மா.

பாதிரியாரிடம் நீட்டினாள். "மாங்கு," என்றார் அவர். பிறகு தாமாகவே தொடர்ந்தார். "ஜெர்மானியர் மாங்கோ என்பார்கள். போர்த்துக்கீசியர் மாங்கா என்பார்கள். அவர்கள்தான் முதலில் கப்பலில் வந்தவர்கள். மலைக்கு அந்தப்புறம் மலையாளக் கரையில் இறங்கி, அங்கே கேட்ட பேரை எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் எல்லோரும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம்."

மாங்கா என்ற சொல்லைக் கேட்டதும் தங்கச்சாமியின் மீசை ஒருமுறை துடித்தது. "மலையாளத்தான்கிட்ட கேட்டிருக்கான்," என்றார்.

"அவியளுக்கும் மாங்காதான், நமக்கும் மாங்காதான். ரெண்டும் ஒரே வீட்டுச் சொத்து ஐயா."

"சரி, இருக்கட்டும். ஆனா கையில நீ வச்சிருக்கது பழம்லா? நாம பழத்த மாங்கான்னா சொல்லுதோம்? நம்மகிட்ட கத்துக்கிட்டவன் மாம்பழம்னுல்லா சொல்லியிருக்கணும்?"

ஜெயபாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் கேள்வியை அவள் நினைத்தே பார்த்திருக்கவில்லை. பறிப்புக்காரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். சேத்தூர் மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்பது போலவே இருந்தது அவளுக்கு.

சுற்றிலும் பார்த்தாள். கிழக்கே தூத்துக்குடி வண்டிக்குக் கூடைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். வைக்கோலுக்கு நடுவே அடுக்கியிருந்ததெல்லாம் காம்போடு பறித்த பச்சைக் காய். அவளுக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது.

"ஐயா, தூத்துக்குடிக்கு எத ஏத்துதீய?"

"காயத்தான். பழத்த ஏத்துனா கோவில்பட்டி தாண்டுமுன்ன அழுகிரும்லா?"

"தூத்துக்குடிக்கே காய்தான்னா, மாசக்கணக்கா கடல்ல போற சீமைக்கு எது போயிருக்கும்? உப்புல ஊறுன காய்தான் போயிருக்கும்னு எனக்குத் தோணுது. சரக்கு போன பேருலதான வார்த்தையும் போகும்?"

தங்கச்சாமி கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தார். மிஸ்ஸியம்மாதான் பேசினார்.

"அவள் சொல்வது சரி. என் தாயார் மாம்பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டு அலமாரியில் மேங்கோ ஜாடி இருக்கும். வெள்ளரிக்காயைக் குடைந்து, கடுகு அடைத்து, காடியில் ஊறப்போட்டது. இந்தியாவிலிருந்து முதலில் வந்தது மாங்காய் ஊறுகாய். அதனால் அப்படி ஊறப்போட்டதற்கெல்லாம் அந்தப் பேர் வந்துவிட்டது."

"வெள்ளரிக்காய்க்கா மாங்கான்னு பேரு வச்சான்?" தங்கச்சாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம் தோப்பையே யாரோ அவமதித்துவிட்ட மாதிரி பாதிரியாரையும் முறைத்தார். பிறகு அந்தக் கோபம் அப்படியே சிரிப்பாக மாறியது. காணாத சீமையில், மாமரமே இல்லாத வீட்டில், அவருடைய சொல் ஜாடிக்குள் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. அந்தச் செய்தியை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தது அவர் மகள்.

"ஏலே பால்பாண்டி," என்று வண்டிக்காரனைக் கூப்பிட்டார். "சேத்தூருக்குப் போயி, இப்பத்திக்கு இல்லன்னு சொல்லிட்டு வா. வந்து பாளையங்கோட்டைக்கு வண்டியக் கட்டு."

ஜெயபாய்க்கு மகிழ்ச்சியில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பழுத்தத விட்டுவைக்கக் கூடாதுன்னு சொன்னீயளே ஐயா?"

"பழம் உள்ளூர்ச் சந்தைக்குத்தாம்ட்டி," என்றார் தங்கச்சாமி. "தூரம் போறது காய்தான். நீ போயிட்டு வா."