சி வரிசை, ஐந்தாம் குழி

திபேரியு எட்டு முனைகளால் சொட்டு விடும் பிப்பெட்டைச் சோதனைத் தட்டின் மேல் இறக்கினான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ரொட்டி கடித்துக்கொண்டிருந்த ஸ்மராண்டா அதை அப்படியே மேசையில் போட்டாள்.

எட்டுக் குழிகளில் ஒரே நேரத்தில் எட்டுச் சொட்டு. மேலிருந்து கீழாக!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“திபேரியு, காலையில போட்ட தட்டையும் இப்படியேதான் போட்டியா?”

“வேற எப்படி மேடம் போடுவாங்க? எங்க யாஷ் ஊர்ல எல்லாருமே இப்படித்தான். உங்க ஊர்லதான் இன்னும் ஒத்தைச் சொட்டா, குருவிக் குஞ்சுக்கு ஊட்டுற மாதிரி...”

அவள் முகத்தைப் பார்த்ததும் கிண்டல் பாதியில் நின்றது. அந்த ரத்த வங்கியில் அவனுக்கு அன்றுதான் முதல் நாள்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள், முதலும் கடைசியும் தவிர ஒவ்வொன்றிலும் ஒரு ரத்தப் பையின் மாதிரி. நிரப்பும் வரிசையில் குழிக்கு என்ன எண்ணோ அதுவே பையின் எண். குறுக்கே எட்டு வரிசை, அவற்றுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்துகள். நெடுக்கே பன்னிரண்டு வரிசை, அவற்றுக்கு எண்கள். இங்கே புத்தகம் படிப்பதுபோல நிரப்புவார்கள். ஏ வரிசை இடமிருந்து வலமாக முடிந்த பிறகுதான் பி. கணினியும் அந்தக் கணக்கில்தான் குழிகளைப் படிக்கும். இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

“மிஷின் ஓகேன்னுதானே மேடம் காட்டுச்சு?”

காட்டத்தான் செய்தது. முதல் குழியில் வைப்பது நோயில்லை என்று முன்பே தெரிந்த ரத்தம், கடைசிக் குழியில் வைப்பது நோய் உண்டு என்று முன்பே தெரிந்த ரத்தம். அவை சரியாக வந்தால் தட்டு சரி என்று அர்த்தம். ஆனால் குறுக்கே போனாலும் நெடுக்கே போனாலும் முதல் குழி முதல் குழிதான், கடைசி கடைசிதான். நடுவில் இருந்தவர்களில் ஒருவர்கூடத் தன் இடத்தில் இல்லை என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

காலைத் தட்டில் ஒரே ஒரு குழி மட்டும் நோய் உண்டு என்று மஞ்சளாகியிருந்தது. சி வரிசை, ஐந்தாம் குழி. ஹெபடைடிஸ் சி, ரத்தத்தில் பரவும் கல்லீரல் நோய்.

ஸ்மராண்டா கையுறைப் பெட்டியின் அட்டையில் கிறுக்கினாள். கணினியின் கணக்கில், இரண்டு முழு வரிசை இருபத்து நான்கு, மேலே ஐந்து. இருபத்தொன்பதாம் எண் பை. அதற்குத்தான் சிவப்புச் சீட்டு ஒட்டிப் பூட்டி வைத்தாள். திபேரியுவின் கணக்கில், நான்கு முழு நெடுக்கு வரிசை முப்பத்திரண்டு, மேலே மூன்று. முப்பத்தைந்து.

முப்பத்தைந்தாம் எண் பை எங்கே?

திரையில் தேடினாள். ஓ நெகட்டிவ். மகப்பேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. கையெழுத்து, ஸ்மராண்டா.

மருத்துவமனையின் எண்ணை அழுத்தினாள். இணைப்பில் யாரோ இருந்தார்கள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே ஒலி. மூன்றாம் முறை மயக்க மருந்து நிபுணர் லவினியாவே எடுத்தாள்.

“சொல்லுடி, சீக்கிரம். உன் பையைத்தான் மாட்டப் போறேன்.”

“மாட்டாத! அதைத் தொடாத!”

“உனக்கென்ன பைத்தியமா? பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் நிக்கவே இல்ல.”

“அதுல ஹெபடைடிஸ் இருக்கலாம். தட்டை மாத்திப் படிச்சிட்டோம்.”

மறுமுனையில் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் சத்தம் கேட்டது. கீங், கீங், கீங். வேகம் அதிகமாக இருந்தது.

“சரி. வேற ஓ நெகட்டிவ் அனுப்பு. இப்பவே.”

எங்கிருந்து? முந்தின நாள் பேருந்து விபத்து ஓ நெகட்டிவ் அலமாரியை வழித்துத் துடைத்துவிட்டிருந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

“மேடம்,” திபேரியுவின் குரல் கீச்சிட்டது. “அந்த இருபத்தொன்பது... அதுவும் ஓ நெகட்டிவ்தான்.”

இருவரும் சிவப்புச் சீட்டுப் பையிருந்த அலமாரியைப் பார்த்தார்கள். நோயுள்ளது என்று ஸ்மராண்டா தன் கையாலேயே பூட்டிய பை. அவன் சொன்னபடி நிரப்பியிருந்தால் அது சுத்தமான ரத்தம். சொன்னபடிதான் நிரப்பினானா?

“யோசிச்சுச் சொல்லு. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நெடுக்கேதானா? நடுவுல எங்கேயாவது மாறினியா?”

“நெடுக்கேதான்... ஒரு வாட்டி முனை அடைச்சுக்கிச்சு. அப்ப ஒத்தைப் பிப்பெட்டு எடுத்தேன்.”

“எந்த இடத்துல?”

அவன் உதட்டைக் கடித்தான். “ஞாபகம் இல்ல மேடம்.”

ஸ்மராண்டாவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை. அவசரச் சோதனைப் பட்டைகள் இருந்த பெட்டியைக் கிழித்தாள். இரண்டு பைகளின் மாதிரிக் குழாய்களும் வங்கியிலேயே இருந்தன; எடுத்தாள். பெயர்ச்சீட்டை வாய்விட்டுப் படித்தாள். திபேரியுவையும் படிக்கச் சொன்னாள். பிறகுதான் சொட்டு வைத்தாள்.

“என்னடி பண்ற?” ஸ்பீக்கரில் லவினியா.

“பட்டை போட்டிருக்கேன். ஒரு கோடு வந்தா சுத்தம். ரெண்டு வந்தா நோய்.”

“எவ்ளோ நேரம்?”

“அது ஊறணும்.”

“இங்க பெட்ஷீட் ஊறுது, ஸ்மராண்டா!”

இரண்டு பட்டைகளிலும் முதல் கோடு வந்தது. அது எப்போதும் வருவது. முப்பத்தைந்தில் அதற்குக் கீழே வெளுப்பாக ஏதோ தெரிந்தது. நிழலா? குனிந்து பார்த்தாள். நிழல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து கோடாகிக்கொண்டிருந்தது.

“அப்போ இருபத்தொன்பது நல்லதுதான்! அனுப்பிடலாம் மேடம்!”

“வாயை மூடு. இதுல நோய் இருந்தா அதுல இல்லைன்னு எவன் சொன்னான்? நேரம் முடியட்டும்.”

ஸ்பீக்கரில் கீங் ஒலிகள் நெருங்கிக்கொண்டே போயின. யாரோ பிரஷர் எண்ணைக் கத்தினார்கள். லவினியா வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டினாள். ஸ்மராண்டா பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோட்டுக்குக் கீழே வெள்ளை. வெள்ளை. இன்னும் வெள்ளை.

கடிகாரம் கூவியது.

ஒரே கோடு.

“சுத்தம்! அனுப்புறேன்!”

சிவப்புச் சீட்டை நகத்தால் கிழித்தாள். பாதிதான் வந்தது. குளிர்பெட்டியை வாங்கிய திபேரியு மேல்கோட்டுகூடப் போடாமல் தெருவைக் கடந்து எதிரிலிருந்த மருத்துவமனைக்கு ஓடினான். ஒரு டிராம் அவனுக்காக மணியடித்துக்கொண்டே நின்றது. அதன் வாசலில் அவன் மறையும்வரை அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் காலடிச் சத்தங்கள், பெயர்ச்சீட்டை உரக்கப் படிக்கும் குரல். கீங். இடைவெளி. கீங்.

“பிரஷர் ஏறுது,” என்றாள் லவினியா. குரல் கரகரத்திருந்தது. “நான் இதை ரிப்போர்ட்ல எழுதணும்டி.”

“எழுது.”

“அந்தப் பையன் பேரையும்...”

“பையை வெளியே விட்டது என் கையெழுத்து. என் பேரை முதல்ல எழுது.”

போனை வைத்தாள். காலைத் தட்டின் மற்ற பைகள் இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்த திபேரியு வாசலிலேயே நின்றான்.

“கையைக் கழுவிட்டு வா,” என்றாள். “அத்தனை பேர் ரத்தத்தையும் மறுபடி தட்டுல போடணும். நான் நம்பரைச் சொல்லச் சொல்ல, நீ குழியைச் சொல்லணும். சத்தமா.”