கூறைச்சேலைத் திரை

வீட்டிலிருந்த கைபேசிகள் அத்தனையும் ஒன்றாக அலறின. வனஜா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பயிற்றம் பணியாரம் பொன்னிறமாகும் நேரத்தில் ஜெர்மனியே அலறினாலும் அவளுக்கு அக்கறையில்லை.

"அம்மா, புயல் எச்சரிக்கை! டொர்னாடோவும் வரலாமாம்" என்றாள் மூத்தவள் பிறேமா.

"டொர்னாடோ அமெரிக்காவிலதான் வாறது. இது பாடர்போர்ன். நீ எண்ணெயை ஊத்து."

வனஜாவின் பயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மகன் சுலக்ஷனுக்குக் கல்யாணம். புதன்கிழமை பொன்னுருக்கு முடிந்துவிட்டது. தாலிக்குப் பொன் உருக்கிய பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் தாலி ஏறும்வரை முகம் பார்க்கக்கூடாது. பார்த்தால் கல்யாணம் நிலைக்காது.

மாப்பிள்ளையும் மணமகள் நிருபமாவும் மூன்று வருடமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்பது வேறு கதை. அது ஜெர்மன் சட்டம். இது பொன்னுருக்குச் சட்டம். புதன் மாலையே இருவரையும் பிரித்தாயிற்று. மகன் தாயோடு மூன்றாம் மாடியில். நிருபமா அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மணப்பெண் அலங்காரம் செய்யும் சியாமளாவின் வீட்டில்.

வனஜாவிடம் சாட்சியும் இருந்தது. பிறேமா தன் பொன்னுருக்கு முடிந்த மறுநாளே மாப்பிள்ளையோடு ஸ்டேஷனடியில் ஐஸ்கிரீம் குடித்தாள். இரண்டு வருடத்தில் விவாகரத்து. "அந்த ஐஸ்கிரீம்தான்!" என்று வனஜா இன்றைக்கும் சொல்வாள். மருமகனின் குடியைப் பற்றி அவள் பேசுவதில்லை.

திடீரென்று சமையலறை இருண்டது. ஜன்னலுக்கு வெளியே வானம் பாசி நிறத்தில் நின்றது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் துள்ளி விளையாடும் டிராம்போலின், காலும் கம்பியுமாக, மூன்றாம் மாடி உயரத்தில் மிதந்து போயிற்று.

"இஞ்சேருமப்பா, அடுப்பை நிப்பாட்டும்! கெல்லருக்கு ஓடுங்கோ!" கணவர் தியாகராசா கத்தினார்.

எல்லோரும் நிலவறையை நோக்கிப் படிகளில் உருண்டார்கள். வனஜா ஒன்றை மட்டும் அள்ளிக்கொண்டாள்: கூறைச்சேலைப் பெட்டி.

நிலவறை வாசலில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. உள்ளே சியாமளாவின் குரல். சியாமளா இருந்தால் நிருபமாவும் இருப்பாளே!

"நில்லடா!" கையை விரித்து மகனை மறித்தாள். "அவள் உள்ளுக்கு நிக்கிறாள்!"

"அம்மா, விசரே உங்களுக்கு? கூரை பறக்குது!"

"பறக்கட்டும். நீ கண்ணை மூடு!"

மேலே ஏதோ இடிந்து விழுந்தது. சுலக்ஷன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். உடுப்புக் காயப்போடும் கொடி நிலவறையின் குறுக்கே கட்டியிருந்தது. வனஜா பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பட்டுக் கூறை, ஜரிகை மினுங்க, கொடியில் ஏறியது. இந்தப் பக்கம் மாப்பிள்ளை; அந்தப் பக்கம் பொம்பிளை; நடுவில் தளபதியாக வனஜா.

மூலையில் மடக்குக் கதிரையில் இருந்த அயல்வீட்டுக் கிழவி ஃப்ராவ் க்ரூகர் சியாமளாவிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?" என்றாள் வனஜா.

"ரெண்டு பேருக்கும் சண்டையோ எண்டு கேக்கிறா. இல்லை, கலியாணம் எண்டனான். அப்ப சண்டை பிறகுதான் எண்டிறா."

திரைக்கு அப்பாலிருந்து நிருபமா சிரித்தாள். இப்பாலிருந்து சுலக்ஷனும் சிரித்தான்.

"சத்தமும் கேக்கப்படாது!" என்று வனஜா அதட்டும்போதே மின்சாரம் போயிற்று.

பிறகு அந்த இரைச்சல். நூறு சரக்கு ரயில்கள் தலைக்கு மேலே ஒரேயடியாக ஓடின. காது அடைத்தது. சுவர் நடுங்கியது. யாரோ கத்தினார்கள். அது தன் குரல்தான் என்பது வனஜாவுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எவ்வளவு நேரம்? நிமிடங்கள்தான். இரைச்சல் அடங்க, கிழவி கைவிளக்கை அடித்தாள்.

கூறை தரையில் கிடந்தது. வனஜாவின் வலது கைக்குள் மகனின் தலை. இடது கைக்குள் நிருபமாவின் தலை. இரண்டையும் தன் மார்போடு சேர்த்து அமுக்கிவைத்திருந்தவள் சாட்சாத் வனஜாவேதான். மூக்குக்கு மூக்கு ஒரு சாண்கூட இல்லை.

"ஹலோ" என்றான் மாப்பிள்ளை.

"ஹலோ" என்றாள் பொம்பிளை.

"அம்மா, நீங்கள்தான் பிடிச்சு இழுத்தனீங்கள்" என்றாள் பிறேமா. குரலில், ஐஸ்கிரீம் பழியைச் சுமந்த அத்தனை வருடத்துச் சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில், மேலே போய்ப் பார்த்துவிட்டுத் தியாகராசா கைபேசியோடு இறங்கி வந்தார். "கலியாண மண்டபத்துக் கூரை பறந்திட்டுதாம். லிப்ஸ்டாட் பக்கம் சேர்ச் கோபுரமே விழுந்திட்டுதாம். இனி நல்ல நாள் மூண்டு கிழமை கழிச்சுத்தான் எண்டு ஐயர் சொல்லுறார். எங்கட வீட்டுக்கும் கூரை இல்லை."

"என்ர வீடு இருக்கு" என்றாள் சியாமளா. "ரெண்டே ரெண்டு அறை. எல்லாரும் அதுக்குள்ளதான்."

எல்லோருடைய பார்வையும் வனஜாவின் மேல். ஒரே வீட்டுக்குள் மூன்று வாரம். கண்ணைக் கட்டியா வைத்திருப்பாள்?

அவள் குனிந்து கூறையை எடுத்தாள். தூசியைத் தட்டினாள். நாலாக மடித்தாள்.

"பொன்னைத் திருப்பி உருக்குவம். கலியாணத்துக்கு முதல் நாள்" என்றாள், நீதிபதி மாதிரி. "புதன்கிழமை உருக்கினது செல்லாது. இண்டைக்கு ஆரும் ஆரையும் பாக்கேல்லை."

சுலக்ஷன் நிருபமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். வனஜா அதைக் கண்டும் காணாததுபோல் படியேறினாள்.

பின்னாலிருந்து பிறேமாவின் குரல் வந்தது. "அப்ப எனக்கும் ஒருக்காத் திருப்பி உருக்கியிருக்கலாமே, அம்மா?"

படியில் வனஜாவின் கால் நின்றது. மேலே கதவில்லாத வாசலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.