மேல் டிராக்கில் பேச்சியம்மன்

மட்டாஞ்சேரியில் சுக்கு கோடவுனுக்கு மேல்மாடியில் இருந்தது நாணு சேட்டனின் கல்யாண வீடியோ ஸ்டூடியோ. அங்கே இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு எடிட்டர். ஒருவன் பிச்சை. இன்னொருவன், பிச்சையின் வயிற்றெரிச்சலுக்கு முழுப் பொறுப்பான சுப்புராஜ்.

சுப்புராஜ் வேலையை முடித்து, அதை ஒரே படமாக எழுதித் தரும் எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு மத்தியானச் சோறு தின்னப் போவான். ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வரும்போது முழுக் கல்யாணமும் தயாராக நிற்கும். பிச்சையின் கல்யாணமோ அடுத்த நாளும் பாதியில் முக்கிக்கொண்டிருக்கும். "எந்தா பிச்சே, நின்டெ மெஷீன் உறக்கமாணோ?" என்று நாணு சேட்டன் ஆள் இருக்கும்போதுதான் கேட்பார். ஆள் இல்லாதபோது கேட்டால் என்ன, வாய் வெந்துவிடுமா?

இதில் கொடுமை என்னவென்றால், சுப்புராஜை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்ததே பிச்சைதான். பெண்டாட்டி பாக்கியலக்ஷ்மியின் தம்பியாயிற்றே! சேர்த்துவிட்ட நன்றிக்கு வீட்டில் கிடைத்த பலன், "என் தம்பி கை வச்சா எல்லாம் சட்டுனு முடியும்" என்ற பாட்டு. மீன்குழம்பு ஊற்றும்போதும் அதே பாட்டு. அந்தக் குழம்பு எப்படி இறங்கும்?

அப்படியிருக்க, பள்ளுருத்தியில் இன்னொரு ஸ்டூடியோ திறக்கப்போவதாக நாணு சேட்டன் சொன்னார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர்களில் ஒருவனுக்கு. இருவருக்கும் ஆளுக்கொரு கல்யாணம் கொடுத்தார். இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் விருந்து. பெண்வீட்டு விருந்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்து, டிவி முன்னால் உட்கார்ந்து, தன் தலை தெரிகிறதா என்று தேடுவார்கள். விருந்து முடிந்தபின் சிடி கொண்டுபோனால் நாய்கூட எட்டிப் பார்க்காது. எவன் சிடி நேரத்துக்குப் போகிறதோ, பள்ளுருத்தி அவனுக்கு.

சுப்புராஜுக்கு நல்ல மெஷீனைக் கொடுத்துவிட்டார்கள் என்றே பிச்சை இத்தனை நாள் நம்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ அடைத்திருந்தபோது தனியாக வந்து, தன் வேலையைச் சுப்புராஜின் மெஷீனில் ஏற்றி ஓட்டிப் பார்த்தான். அங்கேயும் அதே முக்கல்தான். அப்படியானால் கோளாறு மெஷீனில் இல்லை, தன் வேலையில்தான் இருக்கிறது! டைட்டிலை எடுத்துப் பார்த்தான். பூ பார்டரை எடுத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. மிஞ்சியது, கல்யாணத்துக்கு மேல் அடுக்காக விரியும் மேல் டிராக்கில் இருந்த பேச்சியம்மன் படம் மட்டும்தான்.

பிச்சை தனியாகச் செய்த முதல் கல்யாணத்தில் ஹார்ட் டிஸ்க் செத்து எல்லாம் போயிற்று. பெண்ணின் அப்பா சட்டையைப் பிடித்துவிட்டார். அன்று பாக்கியலக்ஷ்மி தன் பிறந்த வீட்டுப் பேச்சியம்மன் படத்தை எடுத்துக் கொடுத்தாள். அதை ஸ்கேன் செய்து, எல்லாக் கல்யாணத்துக்கும் மேலே, தொடக்கம் முதல் முடிவு வரை, கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக விரித்துவைப்பது அவன் வழக்கமாயிற்று. அப்புறம் ஒரு டிஸ்க்கும் சாகவில்லை.

அம்மனை மறைத்துவிட்டு ஓட்டினான். பறந்தது! மேலே ஒன்றும் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் படத்தை அப்படியே எடுத்து எழுதிவிடும். மங்கலாக ஏதாவது கிடந்தாலும் போதும், ஒவ்வொரு பிரேமையும் புதிதாக உண்டாக்க வேண்டும்.

எடுத்துவிட வேண்டியதுதானே? எடுப்பானா அவன்! இன்னொரு டிஸ்க் செத்தால்? மறுபடியும் அம்மனை விரித்துவைத்தான். நான் சுமக்கிறேன், அவன் மட்டும் கையை வீசிக்கொண்டு நடப்பதா என்று உள்ளே புகைந்தது. புகைந்த வேகத்தில் சுப்புராஜின் வேலையைத் திறந்து, அதற்கு மேலும் பேச்சியம்மனை விரித்து, டிராக்கைச் சுருட்டி மறைத்து, சேமித்துவிட்டுப் போய்விட்டான்.

பிச்சை மறுநாளே, விருந்துக்கு நாலு நாள் இருக்கும்போதே எக்ஸ்போர்ட் போட்டுவிட்டான். சுப்புராஜ் வழக்கம்போல் விருந்தன்று காலையில்தான் போட்டான். சோறு தின்று வந்து பார்த்தால், வண்டி கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. பெண்வீட்டிலிருந்து போன்மேல் போன். நாணு சேட்டன் கத்த, சுப்புராஜுக்கு வேர்த்து ஊற்றியது. தன் சிடியை எப்போதோ கொடுத்தனுப்பிவிட்ட பிச்சை டீக்கடைப் பையனிடம் இன்னொரு பழம்பொரி கொண்டுவரச் சொன்னான். ஆஹா, அன்றைக்கு அது என்ன ருசி!

"அத்தான், இத ஒண்ணு வந்து பாருங்களேன். எனக்கு ஒண்ணும் பிடி கிட்டல."

பிச்சை வந்து சம்பந்தமில்லாத இடத்தையெல்லாம் தட்டிப் பார்த்தான். பொறுமை இழந்த சுப்புராஜ் மவுஸை வாங்கி, எக்ஸ்போர்ட்டை நிறுத்தி, சுருட்டியிருந்த டிராக்கை விரித்தான். பேச்சியம்மன் வெளியே வந்தாள்.

சுப்புராஜ் திரும்பினான். அவன் கண் நிறைந்திருந்தது.

"இது நீங்கதானே வச்சீங்க அத்தான்? பேச்சியம்மன் இல்லாம நீங்க வேலையே தொடங்க மாட்டீங்கன்னு அக்கா சொல்லியிருக்கா. எனக்கும் வச்சிருக்கீங்க! ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

பிச்சை ஸ்கிரீனைக் காட்டினான். "அதாலதான் இழுக்குதுடா. எடுத்துரு."

"அப்போ உங்களோடதும் இத்தன நாளா இதாலதான் லேட்டாச்சா? சேட்டன் வாயில வந்ததெல்லாம் கேட்டுட்டு அம்மன எடுக்காமத்தான் இருந்தீங்களா?" சுப்புராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க வச்சத நான் எடுக்கவோ? லேட்டானா ஆவட்டும்." மறுபடியும் எக்ஸ்போர்ட்டைத் தட்டிவிட்டு, நாணு சேட்டனிடம் போய், "தப்பு என்டெதா சேட்டா. நான்தான் நேரத்தே போடல. பள்ளுருத்திக்கு அத்தான்தான் சரி" என்றான்.

பள்ளுருத்தி பிச்சைக்குக் கிடைத்தது. அன்று பாக்கியலக்ஷ்மி அவனுக்கு முன்னால் உட்கார்ந்து, தம்பி சொன்னதையெல்லாம் சொல்லி அழுதாள். "உங்கள என்னவெல்லாமோ நெனச்சிட்டேன். அவன் மேல இவ்வளவு பாசமா உங்களுக்கு?" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த பிச்சைக்கு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வயிறு எரிந்தது. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தனை நம்ப அந்தப் பயலுக்கு எங்கிருந்து வருகிறது? தனக்கு ஏன் வரவில்லை?

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? பாவி, அதையும் மன்னித்துவிடுவான். அந்த நல்ல பேரும் அவனுக்கே போய்ச் சேரும்.

பிச்சை தட்டை எடுத்து, மீன்குழம்பு ஊற்றச் சொன்னான்.